கண்ணாடி முன் நின்று மழை ஜாக்கெட் வாங்காதீர்கள்

நான் வாங்கிய முதல் மழை ஜாக்கெட் கடைக் கண்ணாடியில் பிரமாதமாக இருந்தது. தோள் கச்சிதம், கை நீளம் கச்சிதம், நிறம் கறுப்பு, ஆளைக் கொஞ்சம் மெலிவாகக்கூடக் காட்டியது. மறுநாள் காலை நல்ல மழையும் காற்றுமாக இருந்ததால் ஆசையோடு மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். ஹேண்டில்பாரைப் பிடித்ததும் கைப்பகுதி மணிக்கட்டை விட்டு மேலே ஏறிக்கொண்டது, முதுகுப் பக்கம் இடுப்புக்கு மேலே தூக்கிக்கொண்டது, அந்த இடைவெளியைக் குறிபார்த்து பின்சக்கரம் தெருத் தண்ணீரை வாரி இறைத்தது. ஹூட் காற்றில் பின்னால் போய் விழுந்து மழையைச் சட்டி மாதிரி பிடித்து வைத்துக்கொண்டது. சிக்னலில் நின்று அதை எடுத்துத் தலையில் போட்டபோது பிடித்து வைத்த அத்தனையும் கழுத்து வழியாக உள்ளே இறங்கியது. இருபது நிமிடம் கழித்து அலுவலகத்தில் ஜாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால், மழை கொஞ்சமும் புகாத நெஞ்சுப் பக்கமும் ஈரம். அது என் வியர்வை.

ஜாக்கெட்டைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நிற்கிறவருக்கும் நடக்கிறவருக்கும் தைத்ததை நான்தான் சைக்கிளுக்கு வாங்கிவிட்டேன். மழையும் காற்றும் ஓயாத ஊரில், தினமும் சைக்கிளில் போய்வருகிறவர் முதலில் காற்றைப் பற்றி யோசிக்க வேண்டும், அப்புறம் தன் வியர்வையை, மூன்றாவதாகத்தான் மழையை. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், நானும் செய்தேன், இரண்டு ஜாக்கெட்டுக்குக் காசைக் கொட்டிய பிறகுதான் புத்தி வந்தது.

மழை முன்னாலிருந்து வருகிறது

சின்னக் கணக்கு ஒன்று போடலாம். 2 மில்லிமீட்டர் மழைத்துளி நொடிக்குச் சுமார் 6.5 மீட்டர் வேகத்தில் விழுகிறது, மணிக்கு 23 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மணிக்கு 18 கிலோமீட்டரில் மிதிக்கிறீர்கள், எதிர்க்காற்று 20. உங்கள் மேல் முன்னாலிருந்து மோதுவது 38. ஆக, துளி கீழே இறங்குகிற வேகத்தைவிட உங்களை நோக்கி வருகிற வேகம் அதிகம். தூறல் என்றால் இன்னும் மோசம். அரை மில்லிமீட்டர் துளி மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில்தான் இறங்கும் என்பதால் அது கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் வந்து முகத்தில் அறைகிறது. சாரல் என்று நாம் சொல்கிறோமே, சைக்கிளில் உட்கார்ந்துவிட்டால் எல்லா மழையும் சாரல்தான்.

இதைப் புரிந்துகொண்டால் ஜாக்கெட்டில் எங்கே பார்க்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். நெஞ்சு, தொடையின் மேல்பக்கம், முட்டி, பாதத்தின் மேல்பக்கம், இவைதான் அடி வாங்குகிற இடங்கள். முதுகில் அவ்வளவு மழை விழாது. அதனால் முன்பக்க ஜிப்புக்குப் பின்னால் ஒரு மடிப்புத் துணி கீழிருந்து மேல்வரை ஓடுகிறதா, ஜிப் மேலே முடிகிற இடத்தில் தாடையில் உரசாதபடி சின்ன மூடி இருக்கிறதா என்பதெல்லாம் முக்கியமாகிறது. ரப்பர் பூச்சு போட்ட ஜிப் பார்க்க நேர்த்தியாக இருக்கும், ஆனால் அதில் பலவும் தண்ணீரைத் தாமதப்படுத்துமே தவிர முழுக்கத் தடுக்காது, நேராக எதிர்க்காற்றில் அரைமணி நேரம் போனால் ஜிப் கோட்டையொட்டி உள்சட்டையில் ஒரு ஈரக்கோடு விழுந்திருக்கும்.

ஜாக்கெட்டுக்கு முன்னால் ஒரு விஷயம், மட்கார்டு. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பது சைக்கிள்காரனுக்கு அப்படியே பொருந்தும். வானம் வெளுத்து ஒரு மணி நேரம் ஆன பிறகும் டயர் தரையிலிருந்து தண்ணீரை அள்ளி முதுகிலும் காலிலும் அடித்துக்கொண்டே இருக்கும், அதுவும் எண்ணெயும் மண்ணும் கலந்த தண்ணீர். இரண்டு சக்கரத்துக்கும் முழுநீள மட்கார்டு, முன் மட்கார்டின் கீழ்நுனியில் தொங்குகிற மாதிரி ஒரு ரப்பர் துண்டு, இந்த இரண்டும் இல்லாமல் எவ்வளவு விலையில் ஜாக்கெட் வாங்கினாலும் ஷூவும் பேன்டும் தப்பாது. உங்கள் சைக்கிளில் மட்கார்டு இல்லையென்றால் இங்கேயே நிறுத்திவிட்டு முதலில் அதை மாட்டிவிட்டு வாருங்கள்.

காற்றை முதலில் நிறுத்துங்கள்

வெப்பநிலை 5 டிகிரி, காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் முகத்தில் உணர்வது கிட்டத்தட்ட 0 டிகிரி. எதிர்க்காற்றே தேவையில்லை, காற்றே இல்லாத நாளில்கூட மிதித்துப் போகிற வேகமே ஒரு காற்றை உண்டாக்குகிறது. உள்ளே போட்டிருக்கிற துணி ஈரமாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், அசையாத காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடம்பின் சூட்டை வெளியே கடத்தும்.

தடிமனான ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கம்பளி சூட்டைப் பிடித்து வைப்பது அதற்குள் அடைபட்டிருக்கிற காற்றினால்தான், வெளிக்காற்று அதை ஊடுருவி அடித்துக்கொண்டு போனால் அத்தனை தடிமனும் வீண். அதே ஸ்வெட்டரின் மேல் முட்டை ஓடு மாதிரி மெல்லிசான ஒரு காற்றுத்தடுப்பு ஜாக்கெட்டைப் போடுங்கள், வித்தியாசம் முதல் தெருமுனையிலேயே தெரியும். நூறு, நூற்றைம்பது கிராம்தான் இருக்கும், சுருட்டினால் ஒரு ஆரஞ்சுப் பழ அளவுக்கு வந்துவிடும், பையின் ஓரத்தில் எப்போதும் கிடக்கட்டும். என்னைக் கேட்டால் வருஷத்தில் அதிக நாள் போடுவது இதைத்தான், மழை ஜாக்கெட்டை இல்லை. லேசான தூறலை இதுவே சமாளிக்கும், உடம்புச் சூட்டில் பத்து நிமிடத்தில் காய்ந்தும்விடும்.

கடையில் காற்றுத்தடுப்பைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். துணியின் ஒரு மடிப்பை வாயில் வைத்து அழுத்தி ஊதுங்கள், மறுபக்கம் உள்ளங்கையை வையுங்கள். கொஞ்சமும் வரவில்லையென்றால் முழுக்கத் தடுக்கும் துணி. லேசாக வந்தால் அதுவும் நல்லதுதான், வேகமாக மிதிக்கிறவர்களுக்கு அந்தக் கொஞ்சம் கசிவு தேவைப்படும். தாராளமாக வந்தால் அது சட்டை, ஜாக்கெட் இல்லை. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

எதிர்க்காற்றில் துணி படபடவென்று அடித்துக்கொண்டால் இரண்டு தொல்லை. ஒன்று சத்தம், பின்னால் வருகிற வண்டியின் ஓசை காதில் விழாது. இரண்டாவது, காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது, உப்பிய ஜாக்கெட்டோடு காற்றை எதிர்த்து மிதிப்பது ஒரு ஆளைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு மேடேறுகிற மாதிரி இருக்கும். இடுப்பிலும் கைமுனையிலும் இறுக்கிக்கொள்ள வசதி இருக்க வேண்டும், நெஞ்சுப் பக்கம் தொளதொளவென்று தொங்கக் கூடாது.

போன்ச்சோ, அதாவது தலைவழியாக மாட்டி உடம்பைச் சுற்றித் தொங்கவிடுகிற மழைப் போர்வை, அதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். காற்றில்லாத மழைக்கு அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை: அடியில் திறந்திருப்பதால் புழுக்கம் கிடையாது, தொடை நனையாது, பேன்ட் மேல் பேன்ட் மாட்டுகிற தொந்தரவு இல்லை. சைக்கிளுக்கென்றே தைத்தவற்றில் முன்பக்கத்தைப் பிடித்துக்கொள்ள கட்டைவிரல் வளையம் இருக்கும், இடுப்பில் கட்ட உள்ளே ஒரு கயிறு இருக்கும், இரண்டும் இல்லாததைத் தொடவே தொடாதீர்கள். பக்கவாட்டுக் காற்று பலமாக அடிக்கிற ஊரென்றால் அது பாய்மரம். ஒரு பாலத்தின் மேல் காற்று என்னை அப்படியே ஒரு கை தூரம் நகர்த்திப் பக்கத்துச் சைக்கிள்காரரின் தோளில் இடித்து நிறுத்தியது. அவர் திட்டவில்லை, என்னை நிதானமாகப் பார்த்துவிட்டு முந்திப் போனார், அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. முகப்பு விளக்கு ஹேண்டில்பாரில் இருந்தால் போன்ச்சோ அதை மூடிவிடும் என்பதையும் பாருங்கள்.

லேபிளில் இருக்கிற எண்கள்

இப்போது வியர்வை. நம் உடம்பு ஒரு சுமாரான எஞ்சின், சைக்கிள் மிதிக்கும்போது செலவாகிற சக்தியில் நான்கில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் பெடலுக்குப் போகிறது, மீதியெல்லாம் சூடு. பெடலில் 100 வாட் தருகிற ஆள், அதாவது அவசரமே இல்லாமல் அலுவலகம் போகிறவர், உடம்பிலிருந்து 300 வாட்டுக்கு மேல் சூட்டை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் உறையைப் போர்த்தினால் என்ன ஆகும்? முழுக்கத் தண்ணீர் புகாத மலிவு ரெயின்கோட்டில் ஐந்து கிலோமீட்டர் போனவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நீரைத் தடுத்து ஆவியை விடுகிற துணி என்கிற கதை 1969-இல் தொடங்குகிறது. அமெரிக்காவில் பாப் கோர், சூடாக்கிய பிடிஎஃப்இ (டெஃப்லான் என்று நாம் சொல்கிற பிளாஸ்டிக்) கம்பியை மெதுவாக இழுத்துப் பார்த்து, அறுந்துகொண்டே போனதில் எரிச்சலாகி வெடுக்கென்று ஒரு இழு இழுத்தார். அது அறுந்துபோகாமல் பல மடங்கு நீண்டு, நுண்துளைகள் நிறைந்த பொருளாக மாறியது. கோர்-டெக்ஸ் என்கிற பெயரில் பிரபலமானது அதுதான். அந்தத் துளைகள் நீர்த்துளிக்கு மிகச் சிறியவை, நீராவிக்குப் போதுமானவை. இப்போது பல நிறுவனங்கள் பலவிதச் சவ்வுகளை, அதாவது துணியோடு ஒட்டுகிற இந்த மாதிரி மெல்லிய படலங்களை, செய்கின்றன, வேலை செய்கிற அடிப்படை ஒன்றுதான்: உள்ளே சூடும் ஈரப்பதமும் அதிகம், வெளியே குறைவு, அந்த வித்தியாசம்தான் ஆவியை வெளியே தள்ளுகிறது. வெளியே வெதுவெதுப்பாகவும் மழையாகவும் இருந்தால் தள்ள ஆளில்லை, எவ்வளவு உயர்ந்த சவ்வும் திணறும். விளம்பரத்தில் இதைச் சொல்லமாட்டார்கள்.

லேபிளில் பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும், 10,000 / 10,000 என்றோ 20,000 / 15,000 என்றோ. முதலாவது மில்லிமீட்டர் கணக்கு, துணியின் மேல் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினால் அது கசிய ஆரம்பிக்கும் என்பது. 10,000 என்றால் 10 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம், நம் தலைமேல் இருக்கிற வளிமண்டல அழுத்தத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். மழைத்துளி அவ்வளவு அழுத்தம் தராது. பையின் பட்டை தோளில் அழுத்துகிற இடம், பேன்டில் சீட்டில் உட்காருகிற இடம், இங்கேதான் இந்த எண்ணுக்கு வேலை. தினசரிப் பயணத்துக்கு 10,000 போதும், ஒரு மணி நேரத்துக்கு மேல் அடைமழையில் போகிறவர் 20,000-க்குப் போகலாம், அதற்கு மேல் கொடுக்கிற காசு எண்ணுக்குத்தான்.

இரண்டாவது எண், ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் நீராவியை வெளியே விடும் என்பது. இதைச் சோதிக்கப் பல முறைகள் இருக்கின்றன, முறை மாறினால் எண்ணும் மாறும், அதனால் ஒரு கம்பெனியின் 20,000-ஐ இன்னொரு கம்பெனியின் 15,000-த்தோடு ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. ஒரே கம்பெனியின் இரண்டு ஜாக்கெட்டுகளை ஒப்பிட உதவும், அவ்வளவுதான். ஐரோப்பியத் தரத்தில் வருகிற தொழிலாளர்களுக்கான மழை ஆடைகளில் இஎன் 343 என்ற முத்திரையும் அதன் கீழ் இரண்டு வகுப்பெண்களும் இருக்கும், நீர்த்தடுப்புக்கு ஒன்று, ஆவி வெளியேற்றத்துக்கு ஒன்று, இரண்டிலும் 4 தான் உயர்ந்தது. சாலை வேலை, துறைமுக வேலை செய்கிறவர்களுக்கான கடையில் கிடைக்கும் இந்த ஜாக்கெட்டுகள் பார்க்க அழகில்லை, ஆனால் பேஷன் கடையின் ‘மழைக்கு ஏற்றது’ என்ற வாசகத்தைவிட இந்த முத்திரை நம்பகமானது.

எண்களைவிட நான் நம்புவது ஓட்டைகளை. அக்குளில் திறந்து மூடுகிற ஜிப், முதுகில் மடிப்புக்குள் ஒளிந்திருக்கிற காற்றுவழி, மேலிருந்தும் கீழிருந்தும் திறக்கிற இருவழி ஜிப். எந்தச் சவ்வும் திறந்த ஜிப்பை ஜெயிக்க முடியாது. மழை சற்றுத் தணிந்தவுடன் ஒரு கையால், கையுறையோடு, ஓட்டிக்கொண்டே அக்குள் ஜிப்பைத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள், முடியவில்லையென்றால் அது இருந்தும் இல்லாத மாதிரி, நீங்கள் அதைத் திறக்கவே போவதில்லை.

துணியின் அடுக்கு பற்றி: மூன்று அடுக்கு என்றால் வெளித்துணி, சவ்வு, உள்துணி மூன்றையும் ஒட்டியிருப்பார்கள், உழைக்கும், வெறுங்கையில் ஒட்டாது, விலை அதிகம். இரண்டரை அடுக்கில் உள்துணிக்குப் பதிலாக ஒரு பூச்சோ அச்சோ இருக்கும். லேசானது, ஆனால் அரைக்கைச் சட்டையோடு போட்டால் கை முழுக்க ஈரப் பாலிதீன் ஒட்டின மாதிரி கசகசக்கும். தனியாகத் தொங்குகிற உள்துணியுள்ள இரண்டு அடுக்கு ஊர் சுற்ற நன்றாக இருக்கும், உள்துணி நனைந்தால் காய நேரமாகும். தினமும் ஓட்டுகிறவர் காசு இருந்தால் மூன்று அடுக்கு, இல்லையென்றால் இரண்டரையை வாங்கி உள்ளே முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளலாம்.

தையலைத் திருப்பிப் பாருங்கள். உட்பக்கம் ஒவ்வொரு தையலின் மேலும் ஒரு டேப் ஒட்டியிருக்க வேண்டும். ஊசி போன இடமெல்லாம் ஓட்டைதான், தோளிலும் கழுத்திலும் மட்டும் டேப் போட்டுவிட்டு மற்ற இடத்தை விட்டுவிடுகிற ஜாக்கெட்டுகள் நிறைய. நடக்கிறவருக்கு அது போதும், நமக்கு மழை நெஞ்சில் அடிக்கிறது என்று முன்னாலேயே பார்த்தோம்.

கடையில் உட்கார்ந்து பாருங்கள்

போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்காதீர்கள். ஒரு நாற்காலியை இழுத்து உட்காருங்கள், இரண்டு கையையும் ஹேண்டில்பார் பிடிக்கிற மாதிரி முன்னே நீட்டி லேசாகக் குனியுங்கள். கைமுனை மணிக்கட்டு எலும்பைத் தாண்டி இருக்க வேண்டும். முதுகின் குறுக்கே துணி விறைக்கக் கூடாது, விறைத்தால் ஒரு மணி நேரத்தில் தோள் வலிக்கும். பின்பக்கம் முன்பக்கத்தைவிட ஒரு கை அகலம் நீளமாக இருந்து, உட்கார்ந்த நிலையிலும் பேன்டின் இடுப்பை மூடியிருக்க வேண்டும். கழுத்துப்பட்டை தாடைக்குக் கீழே குத்துகிறதா என்பது குனியும்போதுதான் தெரியும். வழக்கமாக உள்ளே போடுகிற ஸ்வெட்டரோடு போய்ப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் ஹூட். அதைப் போட்டுக்கொண்டு இடது தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள், பிறகு வலது தோள். தலையோடு ஹூட்டும் திரும்பினால் சரி. தலை மட்டும் திரும்பி, கண்ணுக்கு ஹூட்டின் உள்துணி தெரிந்தால் அந்த ஜாக்கெட்டை வைத்துவிடுங்கள், பின்னால் வருகிற பஸ் தெரியாமல் தடம் மாறுவதைவிட நனைந்து போவது மேல். பிடரியில் இறுக்குகிற கயிறோ வெல்க்ரோவோ இருந்தால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். ஹெல்மெட் போடுகிறவர் ஹூட்டை அடியில் போட மெல்லிசாக இருக்கிறதா, அல்லது மேலே போடப் பெரிதாக இருக்கிறதா என்று இரண்டில் ஒன்றை முடிவு செய்துகொண்டு, ஹெல்மெட்டைக் கடைக்கே எடுத்துக்கொண்டு போக வேண்டும். நான் ஹூட்டையே விட்டுவிட்டேன். முன்னால் சின்ன விளிம்புள்ள தொப்பி, அதன் மேல் ஹெல்மெட், பெருமழைக்கு ஹெல்மெட்டுக்கு ஒரு உறை. கண்ணாடி போட்டவர்களுக்கு அந்த விளிம்பு பெரிய உபகாரம், மழை பாதி அங்கேயே நின்றுவிடும்.

ஜாக்கெட்டில் பை, அதாவது பாக்கெட், இருக்கிற இடம் யாரும் யோசிக்காத விஷயம். வயிற்றுப் பக்கம் இருக்கிற சாய்வான பையில் போனைப் போட்டுக்கொண்டு மிதித்தால் ஒவ்வொரு மிதிக்கும் தொடை அதை மேலே தள்ளும், ஜிப் போட மறந்தால் போன் ரோட்டில். நெஞ்சில் ஒரு பை, அல்லது முதுகின் கீழ்ப்பக்கம் ஒரு பை, அது போதும்.

நீளமான கோட்டு போட்டு அலுவலகத்துக்குள் மிடுக்காக நுழைய ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி, அது முடியும். தொடையின் பாதிவரை வருகிற கோட்டில் இருவழி ஜிப் இருக்கட்டும். உட்கார்ந்ததும் கீழ் ஜிப்பை இடுப்புவரை மேலே இழுத்துவிட்டால் இரண்டு பக்கமும் தொடை மேல் கூரை மாதிரி விரிந்துகொள்ளும், காலும் தடையில்லாமல் சுற்றும். பின்னால் நடுவில் ஒரு பிளவு இருந்தால் இன்னும் நல்லது, பின்சக்கரத்துப் பக்கம் தொங்குகிற துணி செயினிலோ கம்பியிலோ மாட்டாத நீளமா என்று மட்டும் உட்கார்ந்து பாருங்கள். குட்டை ஜாக்கெட்டில் ஒரு குறை, நெஞ்சில் விழுகிற மழை எல்லாம் வழிந்து சரியாக மடியில் வந்து இறங்கும். அதனால் குட்டை ஜாக்கெட் வாங்குகிறவர் மழைப் பேன்டையும் சேர்த்தே வாங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மழைப் பேன்டில் பார்க்க வேண்டியது ஒன்றுதான், ஷூவைக் கழற்றாமல் மாட்ட முடிகிறதா. கணுக்காலிலிருந்து முட்டிவரை ஜிப் இருந்தால் முடியும். இல்லையென்றால் ஒற்றைக் காலில் சுவரைப் பிடித்துக்கொண்டு குதித்து, ஒரு சாக்ஸை ஈரத்தரையில் வைத்து, பிறகு அந்தப் பேன்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக ஆரம்பிப்பீர்கள். செயின் பக்கத்துக் கால்முனையை இறுக்க ஒரு வெல்க்ரோ வேண்டும். ஷூ கவர் போட்டால் பேன்டின் முனை அதன் மேலே வெளிப்பக்கம் இருக்கட்டும். உள்ளே சொருகினால் காலில் வழிகிற தண்ணீரெல்லாம் ஷூவுக்குள் போய்த் தேங்கும். கையுறைக்கும் இதே நியாயம், ஹேண்டில்பாரை நோக்கிக் கை கீழிறங்கியிருப்பதால் தண்ணீர் முழங்கையிலிருந்து விரலுக்குத்தான் வழியும், கையுறையின் வாய் ஜாக்கெட் கைக்குள்ளே போக வேண்டும்.

நிறம்: கறுப்பு வேண்டாம். மழை நாளில் வானமும் சாம்பல், ரோடும் சாம்பல், வண்டி ஓட்டுகிறவரின் கண்ணாடியில் துளிகள், அதில் கறுப்பு ஜாக்கெட் காணாமலே போய்விடும். பளீர் மஞ்சளும் ஆரஞ்சும் பகலிலும் அந்தி வேளையிலும்தான் வேலை செய்யும், அவை ஒளிர்வதற்குச் சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதா வேண்டும். இருட்டில் தெருவிளக்குக்குக் கீழே அதுவும் வெறும் மஞ்சள் துணி. இரவுக்கு ஒளியைத் திருப்பி அனுப்புகிற பட்டைகள் வேண்டும். அதை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம்: கணுக்காலிலும் முட்டியிலும் இருக்கிற பட்டை மிதிக்க மிதிக்க மேலும் கீழும் ஆடுவதால் அது மனிதன் என்று ஓட்டுநர் கண்ணுக்குச் சட்டென்று புரிகிறது. நெஞ்சில் அகலமாக ஒட்டியிருப்பதைவிட இரண்டு கணுக்காலிலும் கட்டுகிற பட்டை அதிகப் பலன் தருகிறது, எந்த ஜாக்கெட்டோடும் சேரும். விளக்குக்கு இது மாற்று இல்லை, முன்னும் பின்னும் விளக்கு எரிய வேண்டும்.

முதுகுப்பை தூக்குகிறவர்களே, எவ்வளவு நல்ல ஜாக்கெட்டையும் அந்தப் பை கெடுத்துவிடும். முதுகு முழுக்க மூடி வியர்வையை அடைக்கிறது, பட்டை உரசி உரசித் தோளில் பூச்சைத் தேய்க்கிறது, முதலில் ஒழுக ஆரம்பிப்பது அங்கேதான். கேரியரில் மாட்டுகிற நீர்புகாப் பைக்கு மாறுங்கள்.

உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு காயவே காயாது. மெல்லிசான மெரினோ கம்பளி, இல்லையென்றால் பாலியெஸ்டர். மெரினோ தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைப் பிடித்து வைத்தும் ஈரமாகத் தெரியாது, நாற்றமும் சீக்கிரம் வராது, அலுவலகத்தில் மாற்றுச் சட்டை இல்லாத நாளில் இது சின்ன விஷயம் இல்லை. கிளம்பும்போது சற்றுக் குளிருகிற அளவுக்குத்தான் உடுத்த வேண்டும். வாசலில் சுகமாக இருந்தால் இரண்டாவது கிலோமீட்டரில் வெந்துபோவீர்கள்.

வாங்கின பிறகு

புது ஜாக்கெட்டில் தண்ணீர் தாமரை இலையில் மாதிரி முத்து முத்தாக உருண்டு ஓடும். அது சவ்வின் வேலை இல்லை, வெளித்துணியில் பூசியிருக்கிற நீர்விலக்கிப் பூச்சின் வேலை. சில மாதத்தில் அது தேய்ந்து வெளித்துணி தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்ததும், ஆவி வெளியேற வழியில்லாமல் உள்ளே வியர்வை படியும், ஜாக்கெட் ஒழுகுகிறது என்று நினைத்துத் தூக்கிப் போடுவார்கள். துவைத்தாலே பாதி சரியாகிவிடும். துணி மென்மையாக்கி போடாமல், கொஞ்சமாகத் திரவ சோப்பு மட்டும் போட்டு, இரண்டு முறை அலசி, லேபிள் அனுமதித்தால் குறைந்த சூட்டில் இருபது நிமிடம் உலர்த்தியில் சுற்றவிடுங்கள். பூச்சு சூட்டில் மறுபடி உயிர் பெறும். அப்படியும் முத்துகள் உருளவில்லையென்றால் தெளிக்கிற அல்லது துவைப்பில் சேர்க்கிற பூச்சு தனியாகக் கிடைக்கிறது.

பழைய பூச்சுகளில் ஃப்ளோரின் சேர்ந்த வேதிப்பொருள்கள் இருந்தன, இயற்கையில் சிதையாமல் தண்ணீரிலும் மண்ணிலும் தங்கிவிடுகிற ரகம். பிரான்ஸ் 2026 ஜனவரி முதல் அவை உள்ள ஆடைகளின் விற்பனைக்குத் தடை போட்டிருக்கிறது, மற்ற இடங்களிலும் கம்பெனிகள் கைவிட்டுக்கொண்டிருக்கின்றன. புதிய பூச்சுகள் தண்ணீரை நன்றாகவே விலக்கும், எண்ணெயைத்தான் விலக்காது. கழுத்து அழுக்கு, சன்ஸ்கிரீன், செயின் எண்ணெய் எல்லாம் ஒட்டிக்கொள்ளும், ஆகவே முன்பைவிட அடிக்கடி துவைக்க வேண்டும். துவைத்தால் ஜாக்கெட் கெட்டுவிடும் என்பது பழைய பயம், துவைக்காமல் விட்டால்தான் கெடும்.

ஈர ஜாக்கெட்டைப் பந்து மாதிரி சுருட்டிப் பையில் போட்டு மறந்துவிடாதீர்கள். உள்ளே இருக்கிற பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தில் மெல்ல மெல்லச் சிதைந்து, ஒருநாள் பொடுகு மாதிரி உதிரும், இல்லையென்றால் பிசுபிசுக்கும், அதற்கப்புறம் அதைக் காப்பாற்ற வழியில்லை. அலுவலகத்தில் நாற்காலி முதுகில் மாட்டாமல் ஒரு அகலமான ஹேங்கரைக் கொண்டுபோய் வையுங்கள், ஜிப்பைத் திறந்து, கையை வெளியே இழுத்துவிட்டு, காற்று படுகிற இடத்தில் தொங்கவிடுங்கள். மேஜை இழுப்பறையில் ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸ் கிடக்கட்டும். ஷூவுக்குள் திணிக்கப் பழைய செய்தித்தாளும் இரண்டு தாள் வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து அதை எடுத்துவிட்டு வேறு தாள் திணித்தால் சாயங்காலத்துக்குள் ஷூ காலில் போடுகிற மாதிரி ஆகிவிடும்.